கண்ணை மூடியிருக்கும் சாமிக்குக் கிடா

புத்தருக்குக் கிடா நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

வண்ணார்பேட்டையிலிருந்து களக்காடு போகும் பேருந்தில், என் மகன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். முன் இருக்கையில் ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"காலேஜ் வாத்தியாரு வந்து பாத்துட்டு, நம்ம வயல்ல இருக்கது முனியசாமி இல்ல, புத்தர்னு சொல்லிட்டாரு மாமா. எந்த உசுரையும் கொல்லக்கூடாதுன்னவராம்."

"தலைமுறை தலைமுறையா வெட்டுதோம். மஞ்சத்தண்ணி தெளிச்சதும் கிடா தலையை உலுப்புதுல்லா? அப்ப உத்தரவு குடுத்தது யாரு?"

"தண்ணி பட்டா ஆடு உலுப்பத்தான் செய்யும்."

"என் மவ நல்லபடியா பிள்ளை பெத்ததுக்கு நேந்த கிடா மாப்ளே. குடுக்காம விட்டா பச்சப்பிள்ளைக்குல்லா ஆகாது."

"பொங்கல் மட்டும் வச்சுப் பாப்போமா?" என்றார் மருமகன்.

"இத்தன காலம் கறி தின்னவருக்கு வெறும் பொங்கலா?"

"வாத்தியாரு சொன்னது உண்மையா இருந்தா?"

"அப்படின்னா அவரு முன்னால வேண்டாம். கொஞ்சம் தள்ளி வச்சு, பைய வெட்டிருவோம்."

"தெரியாதா மாமா?"

"கண்ணை மூடித்தான இருக்காரு."

என் மகனின் காய்ச்சலுக்காக நானும் எங்கள் வயல் சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்திருக்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. சேவலையும் வாங்கிக் கட்டியாயிற்று. எங்கள் சாமியும் சம்மணமிட்டு, கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருக்கிறார். கொடுத்தால் பாவமா, கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாதா? விவரம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.