பக்கத்து சீட்டு

ஓட்டுற டெஸ்ட்டுக்கு மூணாவது தடவைண்ணே. சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல. எங்க வீட்டுல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு, உங்களுக்குத்தான் புதுசு.

நீங்க நம்ம ஆளுன்னு எப்படித் தெரியும்னா? இப்ப போன்ல கேட்டீங்கள்ல, குக்கரை இறக்குனியா இல்லையான்னு. இந்த ஹால்ல அத்தனை பேரும் அத்தனை பாஷை பேசிட்டு உக்காந்திருக்காங்க, நடுவுல திடீர்னு ஒரு குக்கர். எழுந்து வந்துட்டேன்.

அண்ணி உள்ள எழுத்துப் பரீட்சையா? அப்ப நேரம் ஆகும். பயப்படாதீங்க, பாஸ் ஆயிடுவாங்க. அதுல நானே முதல் தடவையே பாஸ். ஒரு கேள்வி வந்துச்சு பாருங்க. ரோட்டோரமா ஒருத்தர் போனைப் பாத்துக்கிட்டே கால் எடுத்து வைக்கிறாரு, நீங்க என்ன செய்வீங்க? ஹார்ன் அடிப்பேன், வண்டியை நிறுத்துவேன், சுத்திக்கிட்டுப் போவேன். மூணுதான் போட்டிருக்கான். நம்ம ஊரு பதில் அதுல இல்லவே இல்ல. கண்ணாடியை இறக்கி, ஏன்யா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியான்னு கேக்குறது.

ஊரு லைசென்ஸா? இருக்கே. ஓட்டத்தான் தெரியாது. எங்க மாமனார் வாங்கிக் குடுத்தது. அதைத்தான் முதல்ல அந்தக் கவுண்ட்டர்ல கொண்டு போய் நீட்டுனேன். அந்தப் பொண்ணு திருப்பித் திருப்பிப் பாக்குது, என்னமோ போன மாசத்து பஸ் டிக்கெட்டைக் குடுத்த மாதிரி. அப்புறம் ஒரு சிரிப்பு. மேடம்... இது ரொம்ப அழகா இருக்கு. இங்க செல்லாது.

சரின்னு ஒரு மாஸ்டர்கிட்ட சேந்தேன். கண்ணாடி மாஸ்டர்னு பேரு வெச்சிருக்கேன், அவருக்குத் தெரியாது. கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, கண்ணாடி பாருங்க... கண்ணாடி பாருங்க... வேற பேச்சே கிடையாது. முதல் நாள் நான் பொட்டு கலைஞ்சிருக்காக்கும்னு சரி பண்ணிக்கிட்டேன்.

ஓட்ட வந்துருச்சுண்ணே. நெஜமாவே வந்துருச்சு. மாஸ்டர்கூடப் போனா ஒரு தப்பு வராது. டெஸ்ட்டுன்னு வந்தாத்தான். அதோ, அந்த சாம்பல் கோட்டு போட்ட அம்மா இருக்காங்கள்ல, கையில அட்டை வெச்சுக்கிட்டு? அவங்கதான். நான் இஸ்திரின்னு கூப்புடுவேன். மூஞ்சியில ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு சிரிப்பும் கிடையாது. வண்டியில ஏறுவாங்க, பெல்ட் போடுவாங்க, லிஃப்ட்டுக்குள்ள கேக்குமே ஒரு குரல், அதே குரல்ல, புறப்படலாம். அவ்வளவுதான்.

முதல் தடவை என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? வேணாம்ணே, சிரிச்சு உங்களுக்குப் புரை ஏறும். சரி, கேளுங்க. நல்லாத்தான் போயிட்டிருக்கேன். ஒரு சிக்னல் வருது. மஞ்சள், அப்புறம் சிகப்பு. நான் பாத்துட்டேன். எல்லாருக்கும் முன்னாடி நான்தான் பாத்தேன். பாத்ததும் என்ன செய்யணும்? பிரேக்கை மிதிக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஏங்க, சிகப்புங்க! சிகப்பு வந்துருச்சுங்க! என்னா சிகப்பு பாருங்கன்னு கத்துறேன். இஸ்திரியைப் பாத்து. தமிழ்ல. வண்டி பாட்டுக்கு உருளுது. கால் ரெண்டும் சமத்தா அது பாட்டுக்கு இருக்குது. அவங்க பக்கம் ஒரு பிரேக் இருக்கும்ல, அதை ஓங்கி ஒரு மிதி. அவங்க முன்னாடி வந்து, நான் முன்னாடி வந்து... அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்த மூஞ்சியில ஒரு சுருக்கத்தைப் பாத்தேன்.

பதட்டம் இல்லண்ணே. அது பதட்டம் இல்ல. பழக்கம்.

ரெண்டாவது தடவை நிறுத்தவெல்லாம் செஞ்சேன். நேர் ரோடு, ஒரு வண்டி கிடையாது, வெயிலு. நான் நெனைக்கிறேன் நடுவுலதான் போறேன்னு. தட்டுனு ஒரு சத்தம். இங்கதான் வலது பக்கமா ஓட்டணுமே, வலது சக்கரம் நடைபாதையில ஏறிப் போயிட்டிருக்கு. யாரோ ஒருத்தர் குப்பைத்தொட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஏன்னு யோசிச்சேன் அப்புறம். ரோட்டை நான் பாத்ததெல்லாம் பக்கத்து சீட்டுல உக்காந்துதான். நடைபாதை இத்தனை கிட்ட இருந்தாத்தான் சரின்னு கண்ணு கணக்கு போட்டு வெச்சிருக்கு. ஆள் மாறி உக்காந்துட்டேன். கண்ணு இன்னும் அந்த சீட்டை விட்டு எழுந்திருக்கல.

இன்னிக்குப் போனா அவ்வளவுதான். மூணு தடவை விழுந்தா ஆறு மாசத்துக்கு உள்ளயே விட மாட்டாங்க. அப்புறம் எழுத்துப் பரீட்சையில இருந்து திரும்ப. ஆறு மாசம் தாங்க முடியாதுண்ணே எங்களால.

வேலையா? ரொட்டி வண்டி. பேக்கரியில இருந்து கடை கடையா, ஆஸ்பத்திரி கேன்டீன், பள்ளிக்கூடம்னு ரொட்டித் தட்டு இறக்கணும். வீட்டுக்காரருக்குத்தான் வேலை, நான் சும்மா கூடப் போறேன். விடியுறதுக்கு முன்னாடி எழுந்து தெனமும் போறேன். சம்பளம் கிடையாது. பேக்கரி முதலாளி தொப்பையைத் தடவிக்கிட்டே கேப்பாரு, என்னம்மா, அந்தப் பக்கத்துக் கடையில புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கே, அதுக்குத்தான் காவலா? ஆமாங்கன்னு சொல்லிட்டேன். என்ன போச்சு? சந்தேகப் பிராணின்னு பேரு வந்தா வந்துட்டுப் போகுது.

முதலாளிகிட்டப் பேசி வெச்சிருக்கேன். இவருக்கு முதுகு வலி, லைசென்ஸ் வந்துட்டா நான் ஓட்டுறேன், இவரு தட்டு இறக்கட்டும்னு. யாரு ஓட்டுனா எனக்கென்ன, ரொட்டி சூடு ஆறக் கூடாதுன்னுட்டாரு. நல்ல மனுஷன். ஆனா ஓட்ட ஒருத்தர் இல்லைன்னா வேற ஆளை வெச்சுக்குவாரு, அதுவும் நியாயந்தான். எங்களுக்கு விசாவே அந்த வேலையை வெச்சுத்தான். புள்ளைங்க இப்பத்தான் இந்த ஊரு பாஷையில சண்டை போடக் கத்துக்கிட்டிருக்குதுங்க.

ரொம்பப் பேசுறேனா? பேசுவேன். கல்யாணமான புதுசுல எங்க மாமியார், பொண்ணுக்குப் பேச்சு வருமான்னு விசாரிச்சாங்க, அப்படி இருந்தவ. இப்பவும் வீட்டுக்குப் போயிட்டா வாயைத் தொறக்க மாட்டேன். தாடை வலிக்கும். அம்மாவுக்குக் கோவம்னு புள்ளைங்க மூலைக்கு ஒண்ணா நிக்கும்.

அண்ணே, பலகையில வந்துருச்சு, என் நம்பர்தான். இஸ்திரி பாக்குறாங்க.

ஒரு உதவி. அண்ணி வர நேரமாகும்ல? வாசல்ல வெள்ளை வேன் நிக்குது, பக்கவாட்டுல ரொட்டி படம் போட்டிருக்கும். அவரு உள்ள உக்காந்திருக்காரு. சும்மா போயி முன் சீட்டுல உக்காந்துக்கோங்க. உங்களை அனுப்புனது நான்னு சொல்லுங்க, ஊர்க்காரர்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு. அது சாமான் ஏத்துற இடம், பெரிய லாரி வந்தா காவலாளி எடுக்கச் சொல்லுவான். போன தடவையும் சொன்னான். சொன்னா இவரு எடுத்துருவாரு. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னா கேக்குற ஆள் இல்ல.

அவருக்கு வலது பக்கம் தெரியாதுண்ணே. இடது பக்கமும் கொஞ்சந்தான். கண்ணுல பிரஷர்னு டாக்டர் சொன்னாரு, போனது திரும்பாதுன்னு சொன்னாரு, ஓட்டவே கூடாதுன்னும் சொன்னாரு. நேரா வெச்சா பேப்பர் படிப்பாரு. பக்கவாட்டுல யானை வந்தாலும் தெரியாது. போன வாரம் எனக்கு ஒரு தும்மல் வந்துச்சு. ஒரே ஒரு தும்மல்தான். அதுக்குள்ள ஒரு சைக்கிள். கடவுள் புண்ணியம், அந்தப் பையன் திட்டுனான். திட்டுற அளவுக்கு நல்லா இருந்தான். அன்னியில இருந்து ஜலதோஷம் வந்துருமோன்னு பயந்து தலைக்குக் குளிக்கிறதில்ல.

வர்றேன், வர்றேன் மேடம்!

வண்டியை எடுத்தாருன்னா, நிறுத்துங்க, திருப்புங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கோவம் வந்துரும், வேணும்னே வேகமாப் போவாரு. ஒரு அம்மா குறுக்க வந்தாங்கன்னு வைங்க, அடேயப்பா, அந்தம்மா பை எவ்வளவு பெருசுன்னு பாருங்களேன், அப்படிங்கணும். தானா நின்னுருவாரு. வலது பக்கம் கார் நின்னா, இந்தக் கலர்ல எல்லாம் கார் வாங்குவாங்களான்னு கேளுங்க. ஒதுங்கிருவாரு. நான் எதுக்குச் சொல்றேன்னு அவருக்கும் தெரியும். நாங்க அதைப் பத்திப் பேசிக்கிறதில்ல.

பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னாலும் எதையாவது பேசிக்கிட்டே இருங்கண்ணே. சத்தம் நின்னா பயந்துருவாரு.