எண்ணெய் காணாத மெஷின்

மாலை ஆறரை இருக்கும். மழை விட்ட சாலை... முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக் அவர். வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கதவுப் பக்கம் யாரும் வேண்டாம்.

சாலை முடிகிற இடத்தில் ஒற்றை வீடு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். மெஷின் பின்னறையில் இருந்தது.

"தையல் விட்டு விட்டு விழுதுண்ணா. அத மட்டும் பாருங்க. எண்ணெய் போட்டுடாதீங்க."

"எண்ணெய் போடாம எப்படிம்மா?"

"வேண்டாம்ணா." அவ்வளவுதான். முன்னறைக்குப் போய்விட்டாள்.

ஊசி முனை மழுங்கியிருந்தது. மாற்றினார். தகட்டைத் திறந்தால்... துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் நூல் தூசி மெத்தை மாதிரி அடைந்திருந்தது. ஈரத்துணி மக்கிய வாடை. பிரஷால் கிளறி எடுத்தார். அடிநூல் இருக்கும் பாபின் கேஸைத் துடைத்து மாட்டினார். மிதித்துப் பார்த்தார். தையல் ஒழுங்காக விழுந்தது. ஆனால் சத்தம்... கீ... கீ... கீ... பல் கூசியது. எண்ணெய் கண்டு எத்தனை காலமோ.

தொழில்காரன் கை கேட்குமா? துளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மறுபடி மிதித்தார். மூச்சுக் காட்டாமல் ஓடியது. "சரியாயிடுச்சும்மா" என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

பாதி வழியில் போன். அந்தப் பெண்தான்.

"அண்ணா... எண்ணெய் போட்டீங்களா?" ரகசியம் மாதிரி பேசினாள்.

"ரொம்பக் காய்ஞ்சு கெடந்துச்சும்மா. அதான்..."



"அது செத்துப்போன எங்க நாத்தனாரோட மெஷின். இருட்டினா வந்து உட்காந்துடுவாங்க. சத்தம் கேக்குற வரைக்கும் அந்த ரூம்லதான் இருக்காங்கன்னு நாங்க தூங்குவோம். நின்னுச்சுன்னா எழுந்து பிள்ளைய மடியில வெச்சுக்குவேன். இப்ப... அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியலண்ணா. திரும்பி வந்து எண்ணெயத் தொடச்சு எடுத்துடுங்க."

அவர் வந்த வழியைப் பார்த்தார். கும்மிருட்டு.

"காலைல மொத வேலையா வந்துடுறேன்மா." வைத்துவிட்டார்.

வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டார். எழுந்தார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். மகளுக்குப் போர்வையைச் சரிசெய்தார். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்தார்.

"குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுத்துறீங்க? படுங்க" என்றாள் மனைவி.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவரைப் படுக்கவிடவில்லை. எப்போது கண் அசந்ததோ...

விடிந்ததும் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்தார். கை உள்ளே போனது... வெளியே வரவில்லை. சட்டைக் கையின் வாயைத் தைத்து மூடியிருந்தது. பொடிப்பொடியாய், நூல் பிடித்த மாதிரி நேரான தையல். இன்னொரு கையும் அப்படியே.

ஓடிப்போய்க் கொடியைப் பார்த்தார். மனைவியின் துணிகளுக்கு ஒன்றுமில்லை. மகளின் சின்னக் கவுனை எடுத்தார்.

அதில் கைகள் திறந்தேதான் இருந்தன... கழுத்தை மட்டும் தைத்திருந்தது.