பிற்பகல் 3.12 வரை ரோகிணி

எங்கள் கடை காலண்டருக்குத் திருமானூர் வட்டாரத்தில் நல்ல கிராக்கி, மேடம். உரக்கடைதானே என்று மட்டமான தாளில் அடிக்க மாட்டேன். நானூறு வீட்டுச் சுவரில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடத்துக்கு உங்களுக்கும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.

நீங்கள் கொடுத்த படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன். குழந்தையின் பெயர் வரதன், வயது நான்கு. தாய் சிவரஞ்சனி, என் ஒரே தங்கை. தந்தை கலைச்செல்வன், சிங்கப்பூரில் வேலை. "பிரசவத்துக்குச் செல்வதில் தாமதம் ஏதும் உண்டா, காரணம் என்ன" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். மூன்று வருடமாக வாராவாரம் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு உங்களிடம் சிகிச்சைக்கு வருகிறேன். நீங்கள் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. அதனால் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. கட்டம் சின்னது, எனவே தனித்தாள்.

முதலில் ஒரு விஷயம். ரோகிணியில் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். நீங்கள் படித்தவர், சிரிப்பீர்கள். நான் பிறந்தது ரோகிணி. எனக்கு ஆறு மாதம் ஆனபோது என் தாய்மாமன் பெரியசாமி சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தார். அம்மா சாகும்வரை அதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் என் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் பாயசம் வைத்ததில்லை. வலித்தது, மேடம். ஒரு பிள்ளைக்கு அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ரஞ்சனிக்கு வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவளை நான் தாங்கிய தாங்கு ஊருக்கே தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை நானே கையில் எடுத்துக் கொடுப்பேன். ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, தடுப்பூசி எதுவும் தப்பவில்லை. கிராம நர்ஸ் வெற்றிச்செல்வி வீட்டுக்கு வந்து சொல்வதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். பனிக்குடம் உடைந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, தண்ணீர் பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளே மூச்சுக்குத் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளணும், அசைவு குறைந்தால் உடனே கிளம்பணும், மூச்சு கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் மூளையைத்தான் பாதிக்கும். பாடம் எனக்குத்தான் நன்றாக ஏறியது.

தேதிக்குப் பத்து நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்காலுக்குப் பனிக்குடம் உடைந்தது. நான் முதலில் பார்த்தது தங்கையை இல்லை, சுவரை. என் படத்துக்குக் கீழே, பிற்பகல் 3.12 வரை ரோகிணி, பின்பு மிருகசீரிடம்.

அப்போது என் மகள்களுக்கு ஏழு வயதும் நாலு வயதும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நர்ஸுக்கு நான்தான் போன் போட்டேன். "தண்ணி என்ன கலர்ல இருக்குண்ணே?" என்றார். துணி என் கண் முன்னால்தான் கிடந்தது. பச்சை. "வெள்ளையாத்தாங்க இருக்கு" என்றேன்.

"சரி, எதுவா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டு ரஞ்சனியிடம், "வலி நல்லா வரட்டும், அப்பறம் வந்தாப் போதும்னு சிஸ்டர் சொல்றாங்கம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை. என் மனைவி ஜெயசித்ராதான் 108-ஐக் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர்கள் வருவதற்குள் நம் வண்டியில் போய்விடலாம் என்றேன். ஒன்றேகாலுக்குத்தான் வண்டியை எடுத்தேன்.

அரியலூருக்கு முக்கால் மணி நேரம். கணக்குப்படி இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். கத்தி எடுத்தார்கள் என்றால் இரண்டரைக்குள் பிள்ளை வெளியே. எனவே கீழப்பழுவூர் தாண்டியதும், ரேடியேட்டர் கொதிக்குது என்று ஓரங்கட்டினேன்.

கார் பானட்டைத் தூக்கி நிறுத்தினால் உள்ளே இருப்பவர்களுக்கு நம் முகம் தெரியாது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு செல்போனில் மணி பார்த்தேன். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. வெயில் அடித்தது. ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "என்னங்க, மாசமா இருக்கறவங்களா? ஏத்தி வுடுங்க, பத்து நிமிசத்துல கொண்டுபோய் வுட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷன். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மெக்கானிக் யாரையும் நான் கூப்பிடவில்லை.

இரண்டு பத்துக்கு உள்ளேயிருந்து ரஞ்சனி கூப்பிட்டாள்.

"அண்ணே, புள்ள அசையற மாதிரியே தெரியலண்ணே."

"தூங்குதும்மா. நீ பயப்படாத."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சரி என்றாள். அண்ணன் நான் சொல்லிவிட்டேன் அல்லவா. மேலும் இருபது நிமிடம் நின்றேன். அந்த இருபது நிமிடம் எனக்கு லேசாக இருந்தது என்று நினைக்காதீர்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார், வண்டி மக்கர் என்றேன். பிள்ளை பிறந்த நேரம் 3.31 என்று நர்ஸ் வந்து சொன்னபோது, ரோகிணி போய்ப் பத்தொன்பது நிமிடம் என்று கணக்குப் போட்டேன். ஆணா பெண்ணா என்று கேட்டேன். அழுததா என்று கேட்கத் தோன்றவில்லை.

அழவில்லை. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்ற வார்த்தையை உங்கள் வாயால்தான் முதலில் கேட்டோம். பிறக்கும்போது மூச்சு கிடைக்காததும் காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை என்று சொன்னீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் மூன்று வருடமாகத் தூங்குகிறேன்.

ஊர் சும்மா இருக்குமா. ஏன் இப்படி ஆனது என்று துருவியது. ஏழாம் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் வந்ததே, அன்றைக்கு ரஞ்சனி அரிவாள்மனையில் முருங்கைக்காய் நறுக்கினாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியது நான்தான். அவளே அதை நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் முருங்கைக்காய் தொடுவதில்லை. அப்படியெல்லாம் இல்லை, கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் எத்தனை தடவை அவளிடம் சொன்னீர்கள். அப்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கல்லங்குறிச்சி கோயிலில் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும், என் நெஞ்சில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியபோது என் விரலைப் பிடித்துக்கொண்டான். இப்படி ஒரு மாமன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும் என்றார்கள். நான் அழுதேன். நடிப்பு இல்லை. அவன் என் உயிர்.

அன்றைக்கு ஜாதகம் எழுத வந்த கிருஷ்ணமூர்த்தி ஜோசியர், பிறந்த நேரத்தைக் கேட்டுவிட்டு நட்சத்திரம் ரோகிணி என்றார். இல்லை, மிருகசீரிடம், என் காலண்டரிலேயே இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "ஒங்க காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கம் தம்பி. நான் திருக்கணிதம் பாக்கறவன். இதுல சாயங்காலம் நாலு இருபது வரைக்கும் ரோகிணி."

ஆக அவன் ரோகிணியிலேயே பிறந்திருக்கிறான். நான்கு வருடம் ஆகிறது. எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. கடையை விரிவுபடுத்தியிருக்கிறேன். இதை யோசித்தால் மனம் எங்கெங்கோ போகிறது, ஆகவே யோசிப்பதில்லை.

இதுதான் தாமதத்துக்குக் காரணம், மேடம். தாமதம் ஆகவில்லை. நான் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

ரஞ்சனி மறுபடியும் உண்டாகியிருப்பது உங்களுக்குத் தெரியும். தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடச் சொன்னீர்களாம். 108 என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் இருக்கும்போது எதற்கம்மா இதெல்லாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அண்ணன் சொன்னால் சரி என்று விட்டாள்.

நீங்களும் கவலைப்பட வேண்டாம். இந்த முறை எந்தத் தவறும் நடக்காது. இரண்டு பஞ்சாங்கமும் வாங்கி வைத்திருக்கிறேன்.