ஏழாம் முகாமின் பச்சை

— அந்தச் சிவப்புத் திரையை முதல்ல மூடும் பிள்ளை. பத்து மணிக்குக் கொழும்புத் தலைமை அலுவலக ஆக்கள் வருகினம்.

— மூட ஏலா சேர்.

— ஏலாதோ? பல்கீஸ், உட்துறைமுக வீதிச் செக்பொயின்ற்றில ஒரு மணித்தியாலம் வெயிலுக்க நிண்டுபோட்டு வாறன். என்னோட விளையாடாதையும். பெரிய பச்சை வட்டம் இருக்கிற டாஷ்போட்டைப் போடும். விளங்குதோ?

— விளங்குது பாக்கியரத்தினம் சேர். அந்தப் பச்சை பொய் எண்டதும் விளங்குது.

— கடவுளே! பொய்யோ? பதினொரு முகாமுக்கும் சேர்த்துத் தண்ணி தொண்ணூற்றி நாலு வீதம் போயிருக்கு. கொம்பியூட்டர் சொல்லுது, நானோ சொல்லுறன்?

— மத்தத் திரையிலயும் கொம்பியூட்டர்தான் சேர் சொல்லுது. ஏழாம் முகாம். சம்பூரால இடம்பெயர்ந்து வந்த ஆக்கள், இருநூத்திப் பன்னிரண்டு குடும்பம். மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி போய்ச் சேரல்ல.

— அது எங்கட அலுவலுக்கான திரை. இண்டைக்கு எந்தத் தண்ணிப் பவுசர் எங்க போகோணும் எண்டு நாங்கள் பார்க்கிறதுக்கு. நீர்தானே போன மாதம் எங்களை இருத்தி வகுப்பெடுத்தனீர்? டாஷ்போட் மூண்டு வகை, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு தேவை, ஒண்டின்ர வேலையை மற்றதிட்ட வாங்கக்கூடாது எண்டு.

— ஓம், சொன்னன். பவுசர் ஓட்டுற முனாப் நானாவை வெச்சுத்தான் சொன்னன். அவருக்கு முன்னால டீசல் முள், சூட்டு முள். அது அந்த நிமிசத்துக்கு. பவுசர் சொந்தக்காரருக்கு அந்த முள் தேவையில்ல. மாசம் எத்தின மைல் ஓடிச்சு, வண்டியை வெச்சிருக்கிறதா விக்கிறதா எண்டதுதான் அவருக்கு. கராஜ்காரருக்கு ரெண்டும் போதாது. ஏன் சூடாகுது எண்டு பழசெல்லாம் கிளறிப் பார்க்கணும்.

— அதைத்தான் நானும் சொல்லுறன். கொழும்பாக்கள் சொந்தக்காரர். அவைக்கு வட்டம் போதும்.

— எஞ்சின் எரியக்குள்ளயுமா சேர்?

— வாய் காட்டாதையும்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இண்டைக்கு அவங்க என்ன முடிவெடுக்க வாறாங்க?

— எங்கட ரெண்டு பவுசரை வவுனியாவுக்கு மாத்துறதோ, விடுறதோ எண்டு.

— பச்சையைப் பார்த்தா?

— மாத்துவினம்.

— அப்ப அந்தத் திரை ஆருக்கு எண்டு கேக்காதீங்க. அதைப் பார்த்துப்போட்டு என்ன செய்யப் போறாங்க எண்டு கேளுங்க. பெரியாக்கள் எண்டதுக்காகக் கண்ணை மறைச்சா அது டாஷ்போட் இல்ல சேர், திரைச்சீலை.

— பிள்ளை, முகாமாக்கள் கூட்டித்தான் சொல்லுவினம். நீர் காலமை காலமை ஃபோன் எடுத்து, தண்ணி வந்ததோ எண்டு கேட்டுப் பதியிறீர். அதுதான் உம்மட சிவப்பு. பச்சை எங்கட கேட் புத்தகத்தில இருந்து வாறது. வெளிக்கிட்ட நேரம், வந்த நேரம், எல்லாம் எழுத்தில இருக்கு.

— அந்த எழுத்தைத்தான் மூணாவது திரையில போட்டுப் பார்த்தன். கராஜ்காரர்ட திரை. இஞ்ச வந்து பாருங்க. திங்கக்கிழமை முனாப் நானா கேட்டால வெளிக்கிட்டது ஏழு பத்துக்கு. திரும்பி உள்ள வந்தது எட்டு மணிக்கு. ஏழாம் முகாமுக்குப் போகவே எவ்வளவு நேரம்?

— ஒண்டரை மணித்தியாலம்.

— செவ்வாயும் அப்படித்தான். நேத்தும் அப்படித்தான். 'நானா, தண்ணி எங்க?' எண்டு கேட்டன். 'டேங்கிலதான் தங்கச்சி கிடக்கு. பாலத்தடியில ஆமிக்காரனுகள் பாஸ் இல்ல எண்டு திருப்பி விட்டுட்டானுகள்' எண்டார். ஒரே தண்ணி மூணு நாளும் போய்ப் போய் வந்திருக்கு சேர். நாங்க அதை மூணு பயணம் எண்டு எண்ணிப் பச்சை ஆக்கியிருக்கம்.

— திரும்பி வந்ததை எந்த விசரன் பயணம் எண்டு எண்ணினவன்?

— கேட்டைத் தாண்டினா ஒரு பயணம், அப்படியே எழுதுங்கோ எண்டு சொன்னது ஆரு?

— நான்தான்.

— ஓம்.

— போன வருசம் இதே முனாப்பைச் செக்பொயின்ற்றில ஆறு மணித்தியாலம் மறிச்சு வைச்சவங்கள். பயணம் குறைஞ்சு போச்செண்டு கொழும்பாக்கள் டீசல் பேமிட்டை அரைவாசியா வெட்டிப்போட்டினம். அந்த மனுசன் என்ன பிழை செய்தவன்? டீசல் இல்லாட்டி ஒரு முகாமுக்கும் தண்ணி இல்லை. அதாலதான் கேட்டைத் தாண்டினால் போதும் எண்டனான். நல்லதுக்குத்தான் பிள்ளை செய்தனான்.

— தெரியும் சேர். நீங்க கெட்டதுக்குச் செய்திருந்தா உங்களோட கதைச்சுக்கொண்டு இருக்கமாட்டன். ஆனா அந்த நல்லதுதான் இப்ப அந்தச் சனத்தின்ட வாயை அடைக்குது.

— மேல ஏன் ஆமினா உம்மா இப்பவே தேத்தண்ணித் தட்டோட ஏறுறா? வாசல்ல வாகனம் ஒண்டையும் காணேல்லையே.

— அவட வேலையை அவ பாக்கிறா. நீங்க கதையை மாத்தாதீங்க.

— மாத்தேல்ல. பயமாக் கிடக்கு. ஒவ்வொரு கிழமையும் அந்தப் பச்சைக்குக் கீழ என்ர கையெழுத்துப் போயிருக்கு. முப்பத்தொரு வருசம் அரசாங்கத் தண்ணிப் பகுதியில வேலை செய்தனான். ஒரு குழாயைக் கூடப் பொய்யாப் பதிஞ்சதில்லை. இப்ப இவைக்கு முன்னால கள்ளன் மாதிரி நிக்கோணுமோ?

— ஏழாம் முகாமில நேத்து நாலு பிள்ளைகளுக்கு வயித்தோட்டம். வாய்க்கால் தண்ணியைத் துணியால வடிச்சுக் குடுக்கிறாங்களாம். போன வருசம் மூதூரால நாங்க ஓடி வரக்குள்ள எங்க உம்மாவும் அப்படித்தான் சேர் வடிச்சுத் தந்தா. சீலைத் தலைப்பால. அந்த மணம் இன்னும் என்ட மூக்கை விட்டுப் போகல்ல. அல்லாஹ்வுக்காகச் சொல்லுறன், இதை மூடச் சொல்லாதீங்க.

— சிவப்பைக் காட்டினால் மட்டும் பாலத்தடியில கதவு திறக்குமோ?

— கொழும்பில அமைச்சு வாசல்ல நிண்டு பாஸ் எடுக்க ஏலுமான ஆக்கள் அவங்கதான். பச்சை வட்டத்துக்கு ஆராவது பாஸ் கேட்டுப் போவாங்களா?

— போகாயினம்.

— போகமாட்டாங்க.

— சரி. மூடாதையும். அந்தச் சிவப்பையே போடும். பக்கத்தில கராஜ்காரன்ர திரையையும் போடும், ஏழு பத்தும் எட்டு மணியும் பெரிசாத் தெரியோணும். கேட் விதி என்ர விதி எண்டு நானே சொல்லுறன். முனாப்பின்ர டீசலில கை வைக்காதேங்கோ, வெட்டுறதெண்டால் என்னை வெட்டுங்கோ எண்டும் சொல்லுறன். வேலை போனால் போகட்டும், விளங்குதோ? என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? ஓடிப்போய் மேல கூட்ட அறையில போடும் பிள்ளை, அவை வரமுதல்.

— போட்டு அரை மணித்தியாலம் சேர். வாகனத்தை டொக்யார்ட் பக்கம் மறிச்சதால அவங்க நேரத்தோட நடந்தே வந்துட்டாங்க. 'இதுக்கு விளக்கத்தை எங்கட சேர் வந்து தன்ட வாயாலயே சொல்லுவார்' எண்டு சொல்லி மேல இருத்தி வெச்சிருக்கன்.