தோத்தவங்க வீடு மாறணும்

நோலின்: யோவ் லாக்லன், அந்த உலக்கைய எத்தனை தடவைதான் மடக்கி மடக்கிப் பார்ப்ப? வாத்து போயே போச்சு!

லாக்லன்: உலக்கையா? எங்க தாத்தா இத வாங்குனப்போ உங்க அப்பாவே பொறக்கல. ரெட்டைக் குழல் துப்பாக்கிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு அம்மணி. ரெண்டு சுடணும், மடக்கணும், ரெண்டு போடணும்...

நோலின்: அதுக்குள்ள என் ஆட்டோமேட்டிக்கு மூணு சுட்டுடும். நான் டீயும் குடிச்சிடுவேன்.

லாக்லன்: அது துப்புற காலித் தோட்டா நேரா என் காலருக்குள்ள விழுது. காலையிலேர்ந்து முதுகு வேகுது!

நோலின்: வாத்துக்காக ஒளிஞ்சிருக்குற இந்தக் குடிசையில என் வலது பக்கம் உக்காராதன்னு சொன்னேன்ல? உன் தோள் எப்படி இருக்கு?

லாக்லன்: தோளுக்கென்ன?

நோலின்: ஒவ்வொரு வெடிக்கும் ‘ஹும்’ங்குறியே. என்னோடது உதைக்கவே உதைக்காது.

லாக்லன்: சேறு பட்டதும் சிக்கிக்கிச்சே, அத ஏன் சொல்ல மாட்டேங்குற?

நோலின்: உன் கிழவிக்கு மட்டும் என்னவாம்? எல்லாரும் போடுற இரும்பு ரவை போட்டா குழல் பாழாயிடும். அதுக்குன்னு தனிப் பத்தியம்!

லாக்லன்: வயசானா பத்தியம் இருக்கத்தான் செய்யும். சரி, இதுவரைக்கும் ஆளுக்கு நாலு வாத்து. அடுத்த வாத்து யாருக்கோ, அவங்க ஜெயிச்சாங்க.

நோலின்: தோத்தவங்க?

லாக்லன்: தெரியாத மாதிரி கேக்குற... வர்ற சனிக்கிழமை நம்ம கல்யாணம் முடிஞ்சதும், சாமான் செட்டோட ஜெயிச்சவங்க வீட்டுக்குக் குடி வரணும். நாலு மாசம் சண்டை போட்டும் முடியாததை இன்னைக்கு முடிச்சிடுவோம்.

நோலின்: உன் சமையலறைய சூரியனே எட்டிப் பார்க்காது.

லாக்லன்: ஆத்துக் காத்துல உன் கூரையே ஆடுது.

நோலின்: ஸ்ஸ்... குளத்துக்கு அந்தப் பக்கம் பாரு. ரெண்டு.

லாக்லன்: நம்ம பக்கமே வந்து இறங்குதுங்க... நீ சுடு.

நோலின்: நீ சுடு. பெரியவரு.

லாக்லன்: இல்ல இல்ல, நீ.

நோலின்: சரி, சேர்ந்தே சுடுவோம். இப்போ!

லாக்லன்: ...காதே அடைச்சுப் போச்சு. விழுந்துச்சா?

நோலின்: ஒண்ணும் விழல. ரெண்டும் பறந்துடுச்சு. விழுந்த வாத்தத் தூக்கிட்டு வரக் கூட்டிட்டு வந்த நாய்கூட நம்மளக் கேவலமாப் பாக்குது.

லாக்லன்: நோலின்... நீ நாணலச் சுட்ட. நான் பார்த்தேன்.

நோலின்: நீ மேகத்தச் சுட்ட! கைக்கெட்டுற தூரத்துல இறக்கைய விரிச்சு நின்ன வாத்து அது!

லாக்லன்: தோள் வலி...

நோலின்: பொய்! வேணும்னே விட்ட.

லாக்லன்: ...ஆமா. உன் வீட்டுலதான் இருக்கணும்னு ஆசை. உள்ள வந்தாலே மனசு லேசாயிடுது. நாலு மாசம் வீம்பு பண்ணிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இதச் சொல்றது?

நோலின்: அட மனுஷா! பொறந்த வீட்ட விட்டு நீ எப்படி வருவன்னு நானும் வேணும்னேதான் விட்டேன். என் வீட்டுல இனிமே நீ இருந்துக்கன்னு நேத்தே என் மகன்கிட்ட சாவியக் குடுத்துட்டேன். இந்நேரம் அவன் கட்டில் பீரோவெல்லாம் அங்க இறக்கியிருப்பான்... சரி விடு, உன் வீட்டுக்கே போவோம். ஏன்யா சிரிக்கிற?

லாக்லன்: அழவா சொல்ற? என் வீட்ட நான் போன வாரமே வாடகைக்கு விட்டுட்டேன்! மத்தியானம் குடி வர்றாங்க... அந்த நாயக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு. நம்ம மூணு பேருக்கும் இனிமே இந்த வாத்துக் குடிசைதான்!