ஆளுக்கு ஒரு சந்தேகம்

இல்ல டாக்டரே, நீங்க சொன்னது எனக்கு வெளங்காம இல்ல. தொண்டையில கட்டி வளருது, நாளைக்கே அட்மிட் ஆவணும். ஆப்பரேஷன் முடிஞ்சா பின்னே சத்தம் திரும்ப வராது, அதையும் படம் வரைஞ்சு காட்டிட்டீங்க. வேண்டாம்ண்ணா சொல்லுதேன்? பன்னிரண்டு நாள். காலேஜில நான் நடத்துத கோர்ஸ் முடியட்டும், அவ்வளவுதான் கேக்கேன். உதியன்குளங்கரையிலயிருந்து காலம்பற ஏழு மணிக்கே வந்து உங்க வாசல்ல இருக்கேன், கொஞ்சம் கேளுங்க.

இந்தக் கோர்ஸ் நான் உண்டாக்கினதாக்கும். எங்க காலேஜில புரோகிராமிங் பேப்பர்ல தோத்துப்போன பிள்ளைங்க பதினாறு பேரு உண்டு. ஒரு வருஷப் பாடத்த இருபத்தொண்ணு நாள்ல படிப்பிக்கணும். ஒன்பது நாள் முடிஞ்சு. காலையில கம்ப்யூட்டரத் தொடவே விடமாட்டேன். பேனாவால பேப்பர்ல எழுதி, எங்க தப்புண்ணு தானே கண்டுபிடிக்கணும். மத்தியானம்தான் லேப். சாயங்காலம் நாலரைக்கு ஆளுக்கு ஒரு சந்தேகம், எழும்பி நின்னு வாயால கேக்கணும். கேக்காதவனுக்கு அண்ணைக்கு ஆஜர் கெடையாது. நான் பதில் சொல்லுவேன்.

வேற ஆளா? கிருஷ்ணகுமார் சார் உண்டு. நல்ல மனுஷன். ரெஸ்ட் எடுங்க டீச்சரே, நான் பாத்துக்கிடுதேன்ண்ணு அவரே வந்து கேட்டாரு. நான்தான் சம்மதிக்கல்ல. மைக் வாங்கியாச்சு டாக்டரே, மெதுவாத்தான் பேசுவேன். வீட்டில ஒரு வாக்கு பேசமாட்டேன், அது சத்தியம்.

வீட்டிலயா? எனக்க வீட்டுக்காரரு போயி ஆறு வருஷமாச்சு. மவன் நிஜின் மட்டும்தான். ஆப்பரேஷனுக்கு சம்மதம்ண்ணு கையொப்பு போட அவனக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க. அவங்கிட்ட இன்னும் சொல்லவே இல்ல. எப்படிச் சொல்ல?

போன வருஷம் பரீட்சை ஹாலில எனக்கு டியூட்டி. ஒருத்தன் சட்டைக்கைக்குள்ள துண்டுப் பேப்பர் வச்சிருந்தான். பிடிச்சு, காப்பியடிச்சாண்ணு மேல எழுதிக் குடுத்துட்டேன். வேற பிள்ளையா இருந்தா கண்ண மூடியிருப்பேனோண்ணு இப்பம் தோணுது. எனக்க பிள்ளையாப் போச்சே, எல்லாரும் பாத்துட்டு நிக்காங்க, நான் என்ன செய்ய? அவனுக்கு ஒரு வருஷம் போச்சு. பதினோரு மாசமா வீட்டில ஒரு வாக்கு பேசினதில்ல. சோறு வச்சா எடுத்துட்டு அவனுக்க முறிக்குள்ள போயி கதவச் சாத்திருவான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிப்பேன்.

அந்தப் பதினாறில அவனும் ஒருத்தனாக்கும். ஆஜர் வேணும்லா, சாயங்காலம் எழும்பி நிப்பான். டீச்சரேண்ணுதான் விளிப்பான், அம்மாண்ணு இல்ல. இருக்கட்டும். நான் பதில் சொல்லி முடிக்குறது வர எனக்க முகத்தப் பாத்துட்டு நிப்பான். ஆளுக்கு ஒரு சந்தேகம்ண்ணு அந்தச் சட்டத்த பின்னே எதுக்கு வச்சேன்ண்ணு நினைக்குதீங்க?

நேத்து ரெண்டு சந்தேகம் கேட்டான் டாக்டரே. ஆஜருக்கு ஒண்ணு போதும்.