பதிமூன்று முயல்கள்

இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று பசைக் குப்பியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், ஐயா. அரை நாளாவது வேண்டும். நான் அவசரக்காரன் இல்லை. எதையும் ஆற அமரச் செய்துதான் பழக்கம்.

அக்காவின் கம்பெனியில் எனக்கு ஒரே வேலை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பொம்மைகள் நம் நாட்டு விதிகளுக்கு ஒத்துப்போகின்றன என்று காகிதத்தில் காட்ட வேண்டும். பரிசோதனை அறிக்கை, எச்சரிக்கைச் சீட்டு, எந்த வயதுக்கு என்ற குறிப்பு, எல்லாம் நான்தான். அத்தான் போன பிறகு அக்கா ஒற்றையாளாகக் கட்டிக் காத்த கம்பெனி. பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை வந்த சரக்கு தரத்தில் தவறித் திரும்பிப் போயிருந்தது. மூன்றாவதும் தவறினால் உரிமம் ரத்து.

மூன்றாவதாக வந்தவை நாலாயிரம் துணி முயல்கள். கைக்குழந்தைகளுக்கானவை.

என் மேஜையில் ஒரு சின்னக் குழாய் உண்டு. குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து அளவெடுத்துச் செய்தது. பொம்மையிலிருந்து பிய்ந்து வரும் எதுவும் அதற்குள் முழுசாக விழக் கூடாது. மற்ற நாட்களில் அதில் குண்டூசி போட்டு வைப்பேன். ஒரு முயலின் கண்ணைக் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தேன். விதி சொல்லும் கனத்தில் பாதிகூட ஆகவில்லை, கையோடு வந்துவிட்டது. குழாயில் போட்டேன். அடியில் போய் விழுந்தது. இன்னும் ஐந்து முயல்களை இழுத்துப் பார்த்தேன். ஐந்தும் அப்படியே.

"ஏதாவது பண்ணுடா தம்பி" என்றாள் அக்கா. "இதுவும் போச்சுன்னா இத்தனை பேரை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுவேன்?" சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். அத்தானை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்தது அவளுக்குத் தெரியாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிமூன்று முயல்களை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்களைக் கழற்றி, பசை தடவி, உட்புறம் நைலான் நூலால் முடிச்சுப் போட்டு மறுபடி தைத்தேன்.

"நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க பிரிச்சுத் தைக்கிறீங்க?" என்றாள் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஆபீஸ் வேலைம்மா" என்றேன்.

மாதிரியாக அனுப்பியவற்றில் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கண்கூட அசையவில்லை. அறிக்கை வந்தது, சரக்கு வெளியே வந்தது. அக்கா எல்லோருக்கும் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தாள்.

மற்ற முயல்களுக்கும் அப்படியே செய்திருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. ஒருவர் ஒரு நாளைக்கு ஐம்பது தைக்கலாம். பதினாறு பேரும் உட்கார்ந்தால் ஐந்து நாள். ஆனால் கடைக்காரர்களுக்குத் திங்கட்கிழமையே தருவதாகச் சொல்லியிருந்தோம். அவர்களிடம் என்ன காரணம் சொல்வது?

முயலின் கண் தொண்டையில் அடைத்துப்போன அந்தக் குழந்தைக்கு எட்டு மாதம். அடுப்பை அணைக்கத் தாய் உள்ளே போய் வந்தது இரண்டு நிமிடம் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சீட்டில் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

கூடம் கேட்டது பன்னிரண்டுதானே, பதிமூன்று எதற்கு என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். பதிமூன்றாவது என் மகளுக்கு. அப்போது அவளுக்கு ஏழு மாதம், எது கிடைத்தாலும் வாயில் வைப்பாள். அதனால் அதற்கு மட்டும் இரண்டு முடிச்சு கூடுதலாகப் போட்டேன். இன்றைக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லி, அந்தக் கண்ணை நீங்களே இழுத்துப் பாருங்கள், ஐயா. எங்கள் சரக்கு மோசம் என்று அதற்குப் பிறகு சொல்ல மாட்டீர்கள்.